செவியின் பெயர்களும் செயல்களும்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்தொலிக்கும் மாவட்டம் தருமபுரி. நாம் ‘செவி’ என்பதைத் தெலுங்கரும் ‘செவி’ என்றே சொல்வர். கன்னடர் ‘கிவி’ என்பர். உருது பேசுவோர்க்கு அது ‘கான்’. அரபியில் ‘உதுன்’. நாம் பாங்கு என்றழைக்கும் ‘அதான்’ இவ்வேரைச் சார்ந்த சொல்லே. அறிவித்தல் என்பது அதன் பொருள். உறுப்பின் பெயரோடு அதன் தொழிலும் பிணைந்து கிடத்தல் காண்க.

உயிர்களை வகுக்க முற்பட்ட பண்டையோர் செவியை ஓர் அளவுகோலாகக் கொண்டனர். தொல்காப்பிய மரபியல், தொடுவுணர்வில் தொடங்கி நா, மூக்கு, கண் எனப் படியேறிச் செவியை ஐந்தாம் அறிவாக வைக்கிறது. அதற்கு மேலுள்ளது மனம் ஒன்றே. அரபியரோ செவியின் வடிவை நோக்கினர். காதுமடல் உடையதை ‘அதூன்’ என்றும், ‘ஸிமாக்’ எனும் துளை மட்டும் உடையதை ‘ஸமூக்’ என்றும் பிரித்து, முன்னது குட்டி ஈனும், பின்னது முட்டையிடும் என விதி வகுத்தனர். ஆடும் முயலும் முதல் வகை. கோழியும் பல்லியும் இரண்டாம் வகை. பறவைபோற் பறக்கும் வௌவாலும் மடலுடைமையால் ஈனும் இனத்தில் சேர்வது இவ்விதிக்குச் சிறப்பு. மடலின்றியும் ஈனுகின்ற திமிங்கிலமும் கண்ணாடி விரியனும் இதற்கு விலக்கு.

பாம்புக்குத் தமிழர் இட்ட பெயர் ‘கட்செவி’. கண்ணே அதன் செவி எனக் கருதினர். வெளித்துளை இல்லையென்று கண்டது சரியே. எனினும் அதற்கு உட்செவி உண்டு. நிலத்தின் அதிர்வு தாடையெலும்பின் வழியே அதனைச் சென்றடைகிறது.

செவித்துளையை அடைத்தால் வௌவால் தடைகளில் மோதும் என்பதை 1790களில் ஸ்பல்லன்சானி, ஜூரின் ஆகியோரின் சோதனைகள் காட்டின. நமக்கு எட்டாத கூரிய ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் அது வழியறிகிறது என்பது 1938க்குப் பின்னரே விளங்கிற்று. ஒகேனக்கல் காடுகளில் திரியும் யானைக்கோ காதுமடல் விசிறியுமாகும். அதன் நாளங்களில் ஓடும் குருதி குளிர்ந்து உடற்சூடு தணிகிறது. மனிதர் கேட்கவியலாத தாழ்ந்த ஒலியால் ஆசிய யானைகள் தம்முள் செய்தி பரிமாறுவதை 1986இல் கேத்தி பெய்ன் குழுவினர் வெளியிட்டனர்.

மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளை உணர வல்லது. மடல் திரட்டும் ஒலி செவிப்பறையை அதிர்விக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி எனும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை நத்தைக்கூடு போன்ற உட்செவிக்குக் கடத்துகின்றன. உடல் தள்ளாடாது நிற்கத் துணைசெய்வதும் உட்செவியே.

இவையனைத்தினும் மேலான தொழில் ஒன்றுண்டு. அஃது அறிவைப் பெறுதல். தமிழர் செவிவழிக் கல்வியைக் ‘கேள்வி’ என்றனர். ஆசிரியரின் வாய்மொழியை நேரிற் கேட்டலாகிய ‘ஸமாஉ’ முறையை ஹதீஸ் கலைவல்லாருட் பெரும்பாலோர் தலையாயதாகக் கொண்டனர். குழந்தை பேசக் கற்பதும் கேட்டே. நாம் ‘ஊமை’ என்று பெயரிட்டு ஒதுக்கும் குழந்தைகளிற் பலர்க்கு நாவிற் குறையில்லை. கேளாமையால் பேச்சைக் கல்லாதவர் அவர். இப்பெயர் பிழையான பெயர். பிழையான பெயர் மருந்தின் வழியையும் மறைத்துவிடும். பிறந்த ஒரு மாதத்திற்குள் செவியைச் சோதிக்கும் கருவிகள் இன்று உள்ளன. குறை தெரிந்தால் ஆறு மாதத்திற்குள் உரிய துணையைத் தொடங்க வேண்டும் என்பர் மருத்துவர். காதுக்கருவியாலோ சைகை மொழியாலோ அக்குழந்தைக்கும் மொழி வாய்க்கும். பிறந்த மகவின் வலச்செவியிற் பாங்கு சொல்லி வரவேற்கும் நாம், அச்செவி அதனைக் கேட்டதா என்பதையும் தாமதமின்றி அறிந்துகொள்ளுதல் கடன்.