கன்னத்தில் சுட்ட எழுத்து: கடைத் திருட்டும் தண்டனையும் பற்றிய ஒரு பழைய கதை



சில நாட்களுக்கு முன் எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றியது. கடையொன்றின் சீசீரிவி காட்சி. பதினான்கு, பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் பால்மா பைக்கட் ஒன்றை எடுத்து சேர்ட்டுக்குள் வைக்கிறான். முகம் தெளிவாகத் தெரிகிறது. மஃரிபுக்கு முன் ஊரே பார்த்து முடித்துவிட்டது. அதன் கீழே வந்த கருத்துக்களையும் நாம் எல்லோரும் வாசித்தோம். "பொலிஸில குடுத்து என்ன, நாளைக்கே பிணையில வந்திருவான்." "இப்ப சட்டம் கள்ளனுக்குத்தான்." "கைய வெட்டினாத்தான் சரிவரும்." "முகத்தப் போடுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்."

கடைக்காரரின் கோபத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. சிறிய கடையொன்றில் ஒரு பைக்கட் களவு போனால், அந்த நட்டத்தைப் பிடிக்க இன்னும் எத்தனையோ பைக்கட் விற்க வேண்டும். முறைப்பாடு செய்யப் போனால் அரை நாள் கடையைப் பூட்ட வேண்டும். வழக்கு என்று போனால் தவணைக்கு மேல் தவணை. 2022 நெருக்கடிக்குப் பிறகு கடனில் ஓடும் கடைகள் எத்தனை என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அந்தக் கருத்துக்களை வாசித்தபோது, வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு வேறொரு இடமும் காலமும் ஞாபகத்துக்கு வந்தது. இதே கோபம் முந்நூறு வருடங்களுக்கு முன் லண்டன் கடைக்காரர்களுக்கும் இருந்தது. நமக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம்: அவர்கள் கேட்ட கடுமையான தண்டனை அவர்களுக்குக் கிடைத்தது. அதன்பின் என்ன நடந்தது என்பதை ஊரவர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்த நீண்ட பதிவு.

5 ஷிலிங்குக்குத் தூக்கு

17 ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் கடைகள் பெருகின. துணி, லேஸ், பட்டு, வெள்ளிச் சாமான் எல்லாம் மேசைமேல் விரித்துக் காட்டி விற்கும் பழக்கம் வந்தது. அதோடு கடைத் திருட்டும் கூடியது. வியாபாரிகள் பாராளுமன்றத்திடம் முறையிட்டார்கள். 1699 இல் ஒரு சட்டம் வந்தது. கடையிலிருந்து 5 ஷிலிங் அல்லது அதற்கு மேல் பெறுமதியான பொருளை மறைவாகத் திருடினால் மரண தண்டனை. 5 ஷிலிங் என்பது அன்றைய லண்டன் கூலியாள் ஒருவரின் சில நாள் சம்பளம், அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் தனியாக வந்த ஒன்றல்ல. 1688 இல் இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் சுமார் 50 இருந்தன. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை 200 ஐத் தாண்டிவிட்டன. பிற்காலத்தவர்கள் இதற்கு "இரத்தச் சட்டம்" என்று பெயர் வைத்தார்கள்.

அதே 1699 சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. அதற்கு முன், சிறிய திருட்டுக்கு மன்னிப்புப் பெறுபவர்களின் பெருவிரலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவார்கள். பெருவிரலை மறைக்கலாம், கையைப் பொத்தினால் தெரியாது. எனவே இனிமேல் இடது கன்னத்தில், மூக்குக்குக் கிட்டவாக, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் சுட வேண்டும் என்று எழுதினார்கள். நோக்கம் ஒன்றுதான்: நாலு பேருக்குத் தெரியட்டும்.

தண்டனை கூடியது, தண்டிக்கப்பட்டவர்கள் கூடவில்லை

சட்டம் வந்ததும் திருட்டு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏன் என்று பார்ப்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலாவது, அன்று இன்று போல பொலிஸ் இல்லை. திருடனைப் பிடிப்பதும், சாட்சிகளைத் திரட்டுவதும், வழக்கைக் கொண்டுபோவதும் பொருளைப் பறிகொடுத்தவரின் வேலை. செலவும் பெரும்பாலும் அவருடையதே. அதற்கு மேல், ஒரு துண்டு துணிக்காக ஒரு பெண்ணையோ ஒரு பையனையோ தூக்குமரத்துக்கு அனுப்பும் பாரத்தையும் அவரே சுமக்க வேண்டும். அதனால் பல கடைக்காரர்கள் பொருளைப் பறித்துக்கொண்டு, திட்டி, அடித்து, விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, ஜூரர்கள். அவர்களும் வியாபாரிகள், கைவினைஞர்கள்தான். திருடனைத் தண்டிக்க அவர்களுக்கு விருப்பமுண்டு, கொல்ல விருப்பமில்லை. ஆகவே 10, 20 ஷிலிங் பெறுமதியான பொருளை "4 ஷிலிங் 10 பென்ஸ்" என்று மதிப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். 5 ஷிலிங்குக்கு 2 பென்ஸ் குறைவு, தூக்கு இல்லை. சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் பொய்தான். ஆனாலும் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் அதை இரக்கத்தால் சொல்லும் பொய்ச் சத்தியம் என்ற கருத்தில் குறிப்பிட்டார். சட்டத்தில் "மறைவாக" என்றொரு சொல் இருந்ததல்லவா? "எடுத்ததை நான் கண்டேன்" என்று கடைக்காரர் சாட்சி சொன்னால் அது மறைவான திருட்டு ஆகாது. அந்த வழியாலும் பலர் உயிர் தப்பினார்கள்.

ஆக, எழுத்தில் மிகக் கடுமையான சட்டம். நடைமுறையிலோ ஒரு லொத்தர். பத்துப் பேர் ஒரே குற்றத்தைச் செய்தால் ஒருவன் தூக்கில், சிலர் கப்பலேற்றப்பட்டு நாடுகடத்தப்பட்டு, மற்றவர்கள் வீட்டில். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. திருடுபவன் தன்னை அந்தத் தப்பியவர்களில் ஒருவனாகத்தானே எண்ணிக்கொள்வான்?

தப்பாதவர்களில் ஒருத்தி மேரி ஜோன்ஸ். இருபது வயதும் நிரம்பாத தாய், இரண்டு பிள்ளைகள். கணவனைக் கடற்படைக்குப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போனதால் வருமானமின்றித் தெருவுக்கு வந்தவள். லண்டன் லட்கேற் பகுதிக் கடையொன்றில் மஸ்லின் துணி எடுத்த குற்றத்துக்காக 1771 இல் டைபர்னில் தூக்கிலிடப்பட்டாள். சேர் வில்லியம் மெரடித் 1777 இல் பாராளுமன்றத்தில் அவள் கதையைச் சொன்னார். தூக்குமரத்துக்குப் போகும் வழியிலும் கைக்குழந்தை அவளிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது என்றார். அவள் செத்ததால் லண்டனில் கடைத் திருட்டு நின்றதா? இல்லை.

கன்னத்துச் சூடு என்ன ஆனது?

அந்தப் பிரிவின் ஆயுள் ஏழே வருடங்கள். 1706 இல் பாராளுமன்றமே அதை நீக்கியது. சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. கன்னத்தில் அடையாளம் உள்ளவனுக்கு யாரும் நேர்மையான வேலை கொடுக்கவில்லை. வேலை கிடைக்காதவன் இன்னும் துணிந்த திருடனாக மாறினான். திருட்டைக் குறைக்கப் போட்ட சூடு, திரும்பி வரும் பாதையை மூடிவிட்டது.

வியாபாரிகளே கேட்டார்கள்

1810 இல் சேர் சாமுவேல் ரொமிலி என்ற வழக்கறிஞர், கடைத் திருட்டுக்கான மரண தண்டனையை நீக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அவர் திருடர்களுக்குப் பரிந்து பேசியவர் அல்ல. தண்டனை சிறிதாக இருக்கட்டும், ஆனால் நிச்சயமாக இருக்கட்டும் என்பதே அவர் வாதம். இத்தாலியரான பெக்காரியா 1764 இலேயே எழுதிய கருத்து அது. பொதுமக்கள் சபை மசோதாவை ஏற்றது, பிரபுக்கள் சபை நிராகரித்தது. பிரதம நீதியரசர் எலன்பரோ பிரபு கடுமையாக எதிர்த்தார். எதிர்த்து வாக்களித்தவர்களில் பேராயர் ஒருவரும் ஆயர்களும் இருந்தார்கள். தூக்கை எடுத்தால் ஒரு கடையும் மிஞ்சாது என்பது அவர்கள் பயம்.

ஆனால் அடுத்த வருடமே ஒரு விசயம் நடந்தது. துணியை வெளுக்கப் போடும் திடல்களில் திருடுவதற்கும் அன்று தூக்குத்தான். அந்தத் தொழிலின் முதலாளிகளே பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள்: "இந்த மரண தண்டனையை எடுத்துவிடுங்கள். இது இருக்கும்வரை ஜூரர்கள் யாரையும் குற்றவாளியாகக் காண்கிறார்களில்லை. எங்கள் பொருளுக்குப் பாதுகாப்பில்லை" என்பதே அதன் சாரம். 1811 இல் அது நீக்கப்பட்டது. 1830 இல் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் வங்கியாளர்கள் கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்கும் அதையே கேட்டார்கள். பறிகொடுத்தவர்களே தண்டனையைக் குறைக்கச் சொன்னார்கள். இரக்கத்தால் மட்டுமல்ல, தங்கள் பொருளைக் காப்பாற்றவும்தான்.

கடைத் திருட்டுக்கான எல்லை 1820 இல் 5 ஷிலிங்கிலிருந்து 15 பவுணாக உயர்த்தப்பட்டது. 1823 இல் அந்த மரண தண்டனை முற்றாக நீங்கியது. ரொமிலி அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1818 இலேயே இறந்துவிட்டார். 1829 இல் லண்டனுக்கு ரொபர்ட் பீல் பொலிஸ் படையை அமைத்தார். பிடிப்பதற்கு ஆளில்லாத ஊரில்தான் தூக்குக் கயிறு அவ்வளவு தேவைப்பட்டது என்பதை இந்த வருடங்களின் வரிசையே காட்டுகிறது.

நமது பக்கம்

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் ஆங்கிலேயர் தந்தது. அந்தச் சண்டையெல்லாம் முடிந்த பிறகு எழுதப்பட்டதால் அதில் களவுக்குத் தூக்கு இல்லை. கசையடி இருந்தது, 2005 இல் நீக்கப்பட்டது. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை செய்யும்படி கட்டளையிட 1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடமளிக்கிறது. இதையெல்லாம் "கள்ளனுக்குச் சலுகை" என்று நாம் பேசிக்கொள்கிறோம். உண்மையில் நமது குறை தண்டனை சிறியது என்பதல்ல. அது எப்போது வரும், வருமா என்று தெரியாததுதான்.

"கைய வெட்டணும்" என்று எழுதிய சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தண்டனைக்கு மார்க்கம் வைத்த நிபந்தனைகளை ஆலிம்களிடம் கேளுங்கள். பஞ்ச காலத்தில் கலீஃபா உமர் (ரழி) அதை நிறுத்தி வைத்த வரலாறு நமக்குத் தெரியும். மக்ஸூம் கோத்திரத்துப் பெண் திருடியபோது, பெரிய குடும்பம் என்று சிபாரிசுக்கு வந்தவர்களை நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டதும் நமக்குத் தெரியும். பலவீனனைப் பிடித்து, பெரியவனை விட்டதால்தான் முன்னைய சமூகங்கள் அழிந்தன என்பதே அங்கு சொல்லப்பட்ட எச்சரிக்கை. பால்மா எடுத்த பையனின் முகத்தை ஊர் முழுக்க அனுப்பிய நாம், பெரிய கைகள் எடுத்ததைப் பற்றி எத்தனை வீடியோ அனுப்பினோம்?

அந்தப் பையனைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை. அவன் செய்தது பிழை. அவன் பொருளுக்கான காசைக் கொடுக்க வேண்டும், கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தேவையானால் பொலிஸுக்கும் நன்னடத்தை அதிகாரியிடமும் போக வேண்டும். இவையெல்லாம் தண்டனைதான். இவற்றுக்கு ஒரு முடிவு உண்டு. அந்த வீடியோவுக்கு முடிவில்லை. இன்னும் பத்து வருடத்தில் அவன் வேலை கேட்டுப் போகும் இடத்திலும், பெண் பார்க்கப் போகும் வீட்டிலும் யாரோ ஒருவரின் போனில் அது இருக்கும். 1699 இன் இரும்பைவிட இது ஆழமாகச் சுடும். இங்கிலாந்துக்குத் தன் பிழை விளங்க ஏழு வருடம் எடுத்தது. நாம் அத்தனை காலம் எடுக்க வேண்டியதில்லை.

கடை வைத்திருக்கும் நானாமார்களிடம் ஒரு வேண்டுகோள். சீசீரிவி காட்சியைக் குழுவுக்கு அனுப்பாதீர்கள், பொலிஸில் கொடுங்கள். முறைப்பாட்டைக் கைவிடாதீர்கள். நீங்கள் நீதிமன்றம் போகும் நாளில் கடையைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பள்ளிவாசல் நிர்வாகமும் வர்த்தகர் சங்கமும் கூடிப் பேசட்டும். மற்றவர்களிடம் கேட்பது இன்னும் சிறிய காரியம். அந்த வீடியோ உங்கள் போனில் இருந்தால், இந்தப் பதிவை வாசித்து முடித்ததும் அழித்துவிடுங்கள்.

திங்கட்கிழமை பாடசாலை தொடங்கும். பிள்ளைகள் எல்லோரும் வகுப்புக்கு வர வேண்டும் என்பதே ஆசிரியர்களாகிய எங்கள் ஆசை.

வஸ்ஸலாம்.