திரையில் தெரிந்த கைமுதல்

போக்கர் ஆடுகிறவர்கள் 'பேங்க்ரோல்' என்று சொல்வதை நம் கடைத்தெருப் பேச்சில் கைமுதல் என்று சொல்லிவிடலாம். வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் வைத்திருப்பதில் கைவைக்காமல், ஆட்டத்துக்கென்றே தனியே எடுத்துவைத்த பணம் அது. சில டாலர்களில் தொடங்கி, இணையத்தின் மிகச் சிறிய மேசைகளில் ஆடியே அதை ஆயிரங்களாக்கிவிட முடியும் என்ற நம்பிக்கை 2003க்கும் 2011க்கும் இடையில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு வழக்கமாகவே வேரூன்றியது. படிக்கட்டு ஏறுவதுபோல மேசைக்கு மேசை ஏறுவதற்கு விதிகள் உருவாயின. அந்த விதிகளைச் சொல்லிக்கொடுக்கப் புத்தகங்களும் பயிற்சிகளும் வந்தன. இந்த வழக்கத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கட்டுப்பாட்டின் கதையாகவே சொல்கிறார்கள்: அடங்கி ஆடியவன் ஏறினான், ஆசைப்பட்டவன் அழிந்தான் என்று. பாதிதான் சரி. கட்டுப்பாடு கைமுதலைக் காத்தது. அதை வளர்த்தவை ஆட்டக்காரனின் கையில் இல்லாத மூன்று காரியங்கள்: மேசைக்குப் புதிதாக வந்துகொண்டே இருந்த பணம், மேசை நடத்தியவர் எடுத்துக்கொண்ட கழிவு, போட்ட பணமும் வென்ற பணமும் கேட்டபோது கைக்கு வரும் என்ற உறுதி. மூன்றும் கூடியிருந்த காலம் குறுகியது.

விதிகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இணையத்தைவிட மிகப் பழையது. இரு சூதாடிகளில் யார் வெறுங்கையனாவான், அதற்கு வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்வியை 1650களிலேயே பாஸ்கலும் ஃபெர்மாவும் அலசினார்கள். 1657இல் வெளிவந்த தம் நூலில் ஹைகன்ஸ் அதை ஒரு புதிராகச் சேர்த்தார். அனுகூலம் தன் பக்கமே இருந்தாலும், பந்தயத்தின் அளவுக்குப் போதாத கைமுதலோடு ஆடுகிறவன் தொடர்ந்து வரும் சில தோல்விகளில் முழுவதையும் இழக்கக்கூடும் என்பதே அதன் சாரம். 1956இல் பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி, பந்தயம் கைமுதலுக்கு எந்த விகிதத்தில் இருந்தால் அது நீண்ட காலத்தில் மிக வேகமாக வளரும் என்று கணித்துக் காட்டினார். போக்கருக்குள் இந்தச் சிந்தனையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மேசன் மால்முத். ஆட்டத்தின் ஏற்ற இறக்கத்தையும் அதற்குத் தேவையான முதலையும் எண்களாக 1980களிலேயே எழுதிவிட்டார். ஆக, விதி இருந்தது. ஏழை ஆட்டக்காரன் அதைக் கடைப்பிடிப்பதற்கு ஏற்ற மேசைதான் இல்லை. காசினோவில் சீட்டுப் போடும் ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும். மேசைக்கு இடம் வேண்டும். அதனால் பந்தயத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. சீட்டு வருமுன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம் பிளைண்ட். ஒரு டாலர் சிறிய பிளைண்ட், இரண்டு டாலர் பெரிய பிளைண்ட் வைத்து ஆடும் மேசைதான் பெரும்பாலும் அடிமட்டம். அங்கே உட்காரக் கொண்டுபோகும் தொகை, அதாவது பை-இன், பெரிய பிளைண்டின் நூறு மடங்கு என்றால் 200 டாலர். இருபது பை-இன் கையில் இருக்க வேண்டும் என்ற பரவலான விதிப்படி அந்த அடிமட்டத்துக்கே 4,000 டாலர் வேண்டும்.

1998 தொடக்கத்தில் பிளானட் போக்கர் என்ற தளம் உண்மைப் பணத்துக்கு மேசை திறந்தது. 2001இல் பார்ட்டிபோக்கரும் போக்கர்ஸ்டார்ஸும் வந்தன. சீட்டுப் போடுவது கணினி. கூடுதலாக ஒரு மேசை திறப்பதற்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. பந்தயம் ஒரு சென்ட், இரண்டு சென்ட் வரை இறங்கிற்று. 4,000 டாலர் கேட்ட விதி இப்போது 40 டாலரில் நிறைவேறியது. என் பார்வையில் இந்த வரலாற்றின் மையத் திருப்பம் இதுதான். பழைய கணக்கு முதன்முறையாகக் கூலிக்காரனுக்கும் மாணவனுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. ஆனால் அந்த முதல் படியில் கிடைத்தது என்ன என்று பாருங்கள். நன்றாக ஆடும் ஒருவர் நூறு கைக்கு, அதாவது நூறு முறை சீட்டுப் போட்டு ஆடுவதற்கு, ஐந்து பெரிய பிளைண்ட் வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சென்ட் மேசையில் அது பத்து சென்ட். 40 டாலரை அடுத்த படிக்கு வேண்டிய 100 டாலராக்க அறுபதாயிரம் கை ஆட வேண்டும். நான்கு மேசைகளை ஒரே நேரத்தில் திறந்துவைத்து, மணிக்கு 280 கை ஆடினாலும் இருநூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 28 சென்ட் கூலி. வருமானம் என்று இதைச் சொல்ல முடியாது. மேலே ஒரு படி இருக்கிறது, அங்கே தன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே அந்த உழைப்பைத் தாங்கியது.

அந்த எதிர்பார்ப்புக்கு ஆதாரமும் இருந்தது. 2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், நூறு டாலருக்கும் குறைவான இணையத் தகுதிப் போட்டி வழியாக லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலர் வென்றார். அவரையும் சேர்த்துப் போட்டியிட்டவர்கள் 839 பேர். அடுத்த ஆண்டு 2,576 பேர் வந்தார்கள், 2005இல் 5,619, 2006இல் 8,773. பத்தாயிரம் டாலர் கட்டணப் போட்டிக்கே இப்படி என்றால், அதன் அடியில் சென்ட் மேசைகளுக்கு வந்த கூட்டத்தை ஊகித்துக்கொள்ளலாம். போக்கரில் பணம் எங்கிருந்தும் விளைவதில்லை. ஒருவர் இழப்பதையே மற்றவர் வெல்கிறார். எனவே வெல்பவரின் கைமுதல் வளர, இழக்கப்போகும் புதியவர்கள் நாள்தோறும் வந்தாக வேண்டும். 2006 அக்டோபரில் அமெரிக்கா, சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கு வங்கிகள் பணம் அனுப்புவதைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. பார்ட்டிபோக்கர் அமெரிக்கச் சந்தையை விட்டு வெளியேற, அதன் தாய் நிறுவனப் பங்கு ஒரே நாளில் பாதிக்கும் மேல் விழுந்தது. மறு ஆண்டு லாஸ் வேகஸ் போட்டிக்கு வந்தவர்கள் 6,358 பேர்தான். ஆட்டக்காரர்களின் கட்டுப்பாடு அந்த ஓராண்டில் குறைந்துவிடவில்லை. வரத்து வாய்க்கால்தான் சுருங்கியது.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று கிறிஸ் ஃபெர்குசனின் சோதனை. கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், 2000ஆம் ஆண்டின் உலகப் போக்கர் வாகையர். 2006இல் ஃபுல் டில்ட் தளத்தில் ஒரு பைசாகூடப் போடாமல் தொடங்கி 10,000 டாலர் சேர்த்துக் காட்டுவேன் என்று இறங்கினார். கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோவதில்லை. பல மேசை டோர்னமென்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. மேசையில் இருக்கும் பணம் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பிளைண்ட் தன்னிடம் வரும்போது எழுந்துவிடுவது. மிகச் சிறிய கட்டணங்களுக்கு மட்டும் விலக்கு. இவைதாம் அவருடைய விதிகள். கட்டணமில்லாத ஃப்ரீரோல் போட்டிகளில் ஓரிரு டாலர் கிடைப்பதும் அது கரைவதுமாகப் பல மாதங்கள் போயின. ஒரு டாலர் டோர்னமென்டில் இரண்டாம் இடம் பிடித்து 104 டாலர் பெற்ற பிறகுதான் நிலம் காலுக்குத் தட்டுப்பட்டது. சுமார் ஒன்றரை ஆண்டில் இலக்கை அடைந்தார். வெறுங்கையிலிருந்து பத்தாயிரம் வந்ததற்கு விதிகளே காரணம் என்று உலகெங்கும் சிறிய ஆட்டக்காரர்கள் முடிவுகட்டினார்கள். எனக்கு அந்தச் சோதனை வேறொன்றைச் சொல்கிறது. விதிகளை எவரும் கடைப்பிடிக்கலாம். ஒரு டாலர் மேசைக்கு உலக வாகையரின் ஆட்டத்தை எல்லோராலும் கொண்டுவர முடியாது. அவருக்கே அடிமட்டத்தில் மாதக்கணக்காயிற்று. விதிகள் அவரை அழியாமல் காத்தன. அவருடைய திறமைக்கும் எதிரில் இருந்தவர்களின் திறமைக்கும் இடையிலிருந்த தூரம்தான் பணத்தைக் கொடுத்தது.

இரண்டாவது காரியமான கழிவைப் பற்றிச் சிறிய ஆட்டக்காரர்கள் அன்று போதிய அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். ஒவ்வொரு பந்தயத் தொகையிலிருந்தும் தளம் எடுத்துக்கொள்ளும் ரேக், வழக்கமாக 5 சதவீதத்தை ஒட்டி, ஓர் உச்சவரம்போடு இருக்கும். பெரிய மேசையில் உச்சவரம்பு சீக்கிரம் எட்டிவிடும். சென்ட் மேசையில் அதைத் தொடுவதே அரிது. ஆக, மிகக் குறைவாகப் பணம் வைத்திருப்பவரே விகிதத்தில் அதிகம் கட்டுகிறார். நூறு கைக்கு 12 பிளைண்ட் வெல்லக்கூடியவரிடம் ரேக் 7 எடுத்தால் 5 மிஞ்சும். ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் நூறு கைக்கு 90 பிளைண்ட் என்று கொண்டால், இருபது பை-இன் வைத்திருப்பவர் முழுவதையும் இழப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 8 சதவீதம். அதே ஆளிடம் ரேக் 10 எடுத்தால் மிஞ்சுவது 2. அழியும் வாய்ப்பு 37 சதவீதமாகிவிடும். ஆட்டம் அதே, விதி அதே, கட்டுப்பாடு அதே. ஃபுல் டில்ட் ரேக்கில் 27 சதவீதத்தைத் திருப்பித் தந்த சலுகை ஏன் அவ்வளவு பேரைப் படிக்கட்டில் தக்கவைத்தது என்பது இந்தக் கணக்கில் புரியும். 2015 இறுதியில், உரிமையாளர் மாறிவிட்ட போக்கர்ஸ்டார்ஸ் அதிகம் ஆடுபவர்களுக்கான சலுகைகளை வெட்டியபோது அவர்கள் மேசைகளைப் புறக்கணித்துப் போராடியதும் இதனால்தான். நம் நாட்டில் 2023 அக்டோபர் முதல் தளத்தில் செலுத்தும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றின் மீதான மாநிலத் தடையை நீக்கிற்று. ஆனால் முதல் படியிலேயே இத்தனை கழிவு விழுமானால், திறமை என்ற சட்டத் தகுதி சிறிய கைமுதலைக் காப்பாற்றாது. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்ததோடு இங்கே அந்தக் கேள்வியே அடைபட்டது.

எல்லாம் அதிர்ஷ்டம், திறமை என்ன பேச்சு என்று கேட்பவர்களும் உண்டு. 2010 உலகப் போக்கர் தொடரை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும், முன்கூட்டியே திறமைசாலிகள் என அடையாளம் காணப்பட்டவர்கள் போட்ட பணத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் ஈட்டியதையும் மற்றவர்கள் சராசரியாக 15 சதவீதம் இழந்ததையும் காட்டினார்கள். திறமை இருக்கிறது. ஆனால் அது ஒப்பீட்டுப் பொருள். எதிராளி கற்றுக்கொண்டால் என் திறமையின் விலை இறங்கும். ஆடிய கைகளையெல்லாம் சேர்த்து அலசும் மென்பொருள்கள் 2000களிலேயே பரவின. சமநிலை ஆட்டத்தைக் கணித்துச் சொல்லும் சால்வர்கள் 2015 வாக்கில் வீட்டுக் கணினிக்கு வந்தன. 2017 ஜனவரியில் லிப்ராட்டஸ் என்ற நிரல் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் தெளிவாக வென்றது. இன்றும் ஏறுபவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஒவ்வொரு படியும் முன்பைவிட உயரம் என்றே சொல்கிறேன்.

மூன்றாவது காரியம்தான் இந்த வரலாற்றில் மிகக் கசப்பானது. திரையில் தெரியும் எண் ஆட்டக்காரனின் கையில் இருக்கும் பணம் அன்று. தளம் அவனுக்குத் தர வேண்டிய கடன். 2011 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கில் அமெரிக்க மத்திய அரசு வழக்கறிஞர், அந்த 2006 சட்டத்தை மீறியதாக, போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகியவற்றின் நிறுவனர்கள் உள்ளிட்டோர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டார். போக்கர்ஸ்டார்ஸ் சில வாரங்களில் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஃபுல் டில்ட் கொடுக்கவில்லை. செப்டம்பரில் அரசு தாக்கல் செய்த மனுவின்படி, அது ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர்; வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. ஆட்டக்காரர்களின் வங்கியிலிருந்து வசூலாகாத தொகைகளையும் கணக்கில் வரவு வைத்து ஆடவிட்டதாகவும் அம்மனு கூறியது. அதாவது ஒருவர் மாதக்கணக்காக விழித்திருந்து வென்றதில் ஒரு பகுதி, எங்குமே இல்லாத பணம். இயக்குநர் குழுவில் இருந்த ஃபெர்குசனும் அம்மனுவில் இடம்பெற்றார். 2013இல் தவறை ஒப்புக்கொள்ளாமல் சமரசம் செய்துகொண்டார். 5 சதவீத விதியை ஒரு நாள்கூடத் தவறாமல் கடைப்பிடித்தவரின் கைமுதலும் விதியே அறியாதவரின் கைமுதலும் அன்று ஒரே கணக்கில் முடங்கின. எதிராளியிடம் எவ்வளவு இழக்கலாம் என்று அளந்த விதிகளில், பணத்தை வைத்திருப்பவரே இல்லையென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

2012 ஜூலையில் போக்கர்ஸ்டார்ஸ் 73.1 கோடி டாலருக்கு அரசோடு உடன்பாடு செய்து, ஃபுல் டில்ட்டின் சொத்துகளையும் அதன் கடனையும் ஏற்றது. பிற நாட்டு ஆட்டக்காரர்களுக்கு அந்த நவம்பரில் கணக்கு திறந்தது. அமெரிக்கர்களுக்கு முதல் தவணை 2014 பிப்ரவரியில்தான் வந்தது. இன்று பிரிட்டனில் உரிமம் பெற்ற ஒவ்வொரு தளமும், திவாலானால் வாடிக்கையாளரின் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு உண்டு என்பதை அவர் பணம் போடுவதற்கு முன்பே எழுத்தில் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு இல்லை என்பதும் அங்கே அனுமதிக்கப்பட்ட பதில்களில் ஒன்று.