ஆய்வுச் சுவரொட்டி

ஆய்வுச் சுவரொட்டி என்பது ஓர் ஆய்வின் கேள்வியையும் முறையையும் முடிவையும் ஒரே பெரிய தாளில் படமும் குறைந்த எழுத்துமாக அமைத்துத் தட்டியில் மாட்டி, ஆய்வு செய்தவரே பக்கத்தில் நின்று வருவோருக்கு விளக்கும் வடிவம். கல்லூரிகளில் போஸ்டர் என்றே சொல்வார்கள். மேடையில் பேச அழைப்பு வராத இளநிலை மாணவர் தம் வேலையை வெளியாருக்குக் காட்டும் முதல் வாய்ப்பு பெரும்பாலும் இதுதான். இதில் தாள் பாதி, பேச்சு பாதி. புராஜெக்ட் அறிக்கையைச் சுருக்கி ஒட்டிவிட்டு அதன் முன் வாய் மூடி நிற்பவர் இரண்டு பாதியையும் இழக்கிறார்.

மாநாடுகளுக்கு வந்து குவிந்த ஆய்வுரைகளை மேடை நேரம் தாங்காமல் போனபோது பிறந்த ஏற்பாடு இது. ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு 1969-இல் மாட்ரிட்டில் நடத்திய மாநாட்டை இதன் தொடக்கமாகக் குறிப்பிடுவது வழக்கம். அமெரிக்காவுக்கு 1974-இல் மினியாபொலிஸில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டின் வழியாக வந்து சேர்ந்தது. இளநிலை மாணவர்களுக்கென்றே ஒரு தேசிய மாநாடு 1987-இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் தொடங்கியது. பிரிட்டனில் அத்தகைய மாநாடு 2011-இல்தான் வந்தது. இளநிலை ஆய்வுக்கான அமெரிக்க அமைப்பு ஒன்று தேர்ந்தெடுத்த மாணவர்களை வாஷிங்டனுக்கு அழைத்து, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய அலுவலர்களுக்கும் சுவரொட்டியைக் காட்டி விளக்க வைத்து வந்தது. துறை தெரியாதவருக்குப் புரிய வைப்பதை விடக் கடினமான தேர்வு ஒரு மாணவருக்கு இல்லை.

அளவை மாநாட்டாரே சொல்லிவிடுவர். 841 × 1189 மில்லிமீட்டர் கொண்ட ஏ0 தாள் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்; ஏ1 அதில் பாதி. அமெரிக்காவில் 36 × 48 அங்குலம் பரவலானது. தட்டி நெட்டுவாக்கா குறுக்குவாக்கா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பவர்பாயின்ட்டில் செய்பவர்கள் முதல் வேலையாகப் பக்க அளவை மாற்ற வேண்டும். கடைசியில் மாற்றினால் எல்லாம் இடம் பெயரும். படங்களுக்கு, அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 150 புள்ளிகளாவது தேவை. இணையத்தில் எடுத்த 600 புள்ளி அகலப் படத்தை 30 சென்டிமீட்டருக்கு இழுத்தால் அங்குலத்துக்கு ஐம்பதுதான் மிஞ்சும். திரையில் தெரியாத கலங்கல் தாளில் தெரியும்.

எழுத்தில் கை வைக்கும்போதுதான் மாணவர் தடுமாறுகிறார். பட்ட கஷ்டமெல்லாம் தெரிய வேண்டும் என்ற ஆசையில் எதையும் விட மனம் வராது. எண்ணூறு சொல்லே அதிகம். அதில் பாதியோடு முடித்தால் நிற்பவர் படிப்பார். உள் எழுத்து 24 பாயின்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, தலைப்பு 85-ஐத் தொடலாம். மாநாட்டார் கேட்டாலொழிய ஆய்வுச் சுருக்கத்துக்கு இங்கே இடமில்லை, ஏனென்றால் சுவரொட்டியே சுருக்கம்தான். தலைப்பு ஆய்வின் பொருளைச் சொல்வதை விட முடிவைச் சொல்வது மேல். ‘கிணற்று நீரில் நைட்ரேட்: ஓர் ஆய்வு’ என்றால் கடந்து போய்விடுவார்கள், ‘வயலருகே உள்ள கிணறுகளில் நைட்ரேட் அதிகம்’ என்றால் ‘எவ்வளவு அதிகம்?’ என்று ஒருவராவது கேட்பார்.

அந்தக் கேள்விக்கு விடை நடுவில் ஒரு பெரிய வரைபடமாக இருக்கட்டும். கோடுகளின் பெயரை ஓரத்துக் கட்டத்தில் வைக்காமல் கோட்டருகிலேயே எழுதலாம். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வேறுபாடு காட்டினால் நிறக்குருடு உள்ள பலருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். முப்பரிமாணத் தூண்கள், எழுத்துக்குப் பின்னால் கல்லூரிக் கட்டடப் படம், நாலு மூலைக்கும் சின்னம் ஆகியவை ஆய்வுக்கு எதையும் சேர்ப்பதில்லை.

2019-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக உளவியல் ஆய்வு மாணவர் மைக் மாரிசன் ஒரு யூடியூப் காணொளியில் வேறு அமைப்பை முன்வைத்தார்: நடுவில் முக்கிய முடிவு மட்டும் எளிய மொழியில் மிகப் பெரிதாக, விவரங்கள் ஓரப் பத்திகளில், முழுக் கட்டுரைக்கு ஒரு கியூஆர் குறியீடு. வேகமாகப் பரவிய இதை, சான்றை ஓரங்கட்டுகிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. இளநிலை மாணவருக்கு அந்தக் குறை பொருந்தும். சுவரொட்டியை மதிப்பிடும் நடுவர் அவரிடம் முதலில் தேடுவது முறையைப் புரிந்து செய்தாரா என்பதைத்தான். பெரிய எழுத்தில் முடிவைச் சொல்லும் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, முறைக்கும் வரைபடத்துக்கும் இடம் விடுவதே அவருக்கு ஏற்றது.

தமிழகத்தில் பலர் சுவரொட்டியை அச்சிடுவது கட்சிக் கூட்டத்துக்கும் காதணி விழாவுக்கும் பேனர் அடிக்கும் பிளெக்ஸ் கடையில். அங்கே பளபளப்பைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும், விளக்கடியில் கண் கூசும். தமிழில் எழுதியிருந்தால் யூனிகோடு எழுத்துருவே நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துரு கடைக் கணினியில் இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பே பாதுகாப்பு.

நிற்கும் முறைக்கு வருவோம். தாளை மறைக்காமல் ஓரமாக நிற்க வேண்டும், அதைப் பார்த்து வாசிக்கக் கூடாது. வந்தவரிடம் அவர் துறையைக் கேட்டுவிட்டுத் தொடங்கினால் எதை விளக்குவது, எதைத் தாண்டுவது என்று தெரியும். என்ன கேட்டேன், ஏன் கேட்டேன், இந்த வரைபடம் என்ன சொல்கிறது என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லி நிறுத்திவிட்டால் மீதியை அவரே கேட்பார். மாதிரி எண்ணிக்கை ஏன் இவ்வளவு, கட்டுப்பாட்டுக் குழு எங்கே என்பவை நிச்சயம் வரும். இளநிலை மாணவரிடம் தவறாமல் கேட்பது இன்னொன்று: இதில் உங்கள் பங்கு என்ன? ஆய்வகத்தில் மூத்தவர் செய்ததையும் தாம் செய்ததையும் பிரித்துச் சொல்ல முன்பே பழகியிருக்க வேண்டும். ‘அதை நாங்கள் சோதிக்கவில்லை’ என்பதும் முழுமையான பதில்தான். ஊகித்து மழுப்பினால் அடுத்த கேள்வியில் சிக்கல்.

கூட்டம் முடிந்தபின் கோப்பை ஸெனோடோ போன்ற திறந்த களஞ்சியத்தில் ஏற்றினால் நிலையான அடையாள எண் கிடைக்கும். விண்ணப்பங்களில் குறிப்பிட உதவும். ஆனால் தரவு பெரும்பாலும் ஆய்வகத்துக்குச் சொந்தமானது. காப்புரிமை கோரும் எண்ணம் இருந்தால் பொதுவில் காட்டியதே தடையாகக்கூடும். எனவே, ஏற்றுவதற்கு மட்டுமல்ல, தட்டியில் மாட்டுவதற்கும் வழிகாட்டியின் ஒப்புதல் தேவை.