வராமல் போன சிவப்பு ஒளி

போன கிழமை உயர்தர வகுப்பில் தொப்ளர் விளைவு படிப்பித்தேன். அம்புலன்ஸ் சத்தத்தை உதாரணம் காட்டி முடித்ததும் பின்வாங்கில் இருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சேர், புதுசா பிறக்கிற நட்சத்திரத்தைச் சுத்தித் தட்டு ஒண்டு இருக்காமே, அத யாரு போய்ப் பார்த்த?"

மணி அடிக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1890இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் பேர்ன்ஹாம் என்பவர் 36 அங்குலத் தொலைகாட்டியால் இடப ராசியில் உள்ள ரீ டோரி என்ற விண்மீனைப் பார்த்தார். (அல்தபரான் இருக்கும் அதே ராசிதான். அந்தப் பெயர் அரபுச் சொல், 'பின்தொடர்வது' என்று பொருள்.) விண்மீனோடு ஒட்டியபடி சின்னதாக ஒரு முகில் தெரிந்தது. குறித்துவைத்தார். அது என்ன என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

1945இல் மவுண்ட் வில்சனில் அல்பிரட் ஜோய், ரீ டோரியைப் போன்ற 11 விண்மீன்களின் நிறமாலையை (நமது பாடப்புத்தகத்தில் திருசியம்) எடுத்துப் பார்த்தார். சாதாரண விண்மீனில் கறுப்புக் கோடுகள்தான் அதிகம் இருக்கும். இவற்றில் பிரகாசமான கோடுகள் இருந்தன. எல்லாமே இருண்ட தூசு முகில்களுக்குப் பக்கத்தில் இருந்தன. ஆர்மேனியரான அம்பார்ட்சுமியன்தான் இவை பிறந்து அதிக காலம் ஆகாத விண்மீன்கள் என்று வாதாடியவர்.

அதே காலத்தில் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமல், ஓரியனில் ஒரே பொருட்களைக் கண்டார்கள். ஒருவர் லிக்கில் இருந்த ஜோர்ஜ் ஹேர்பிக். மற்றவர் மெக்சிக்கோவின் டொனான்சின்ட்லா வானாய்வகத்தில் இருந்த கியேர்மோ ஹாரோ. ஹாரோ முதலில் பத்திரிகை நிருபராக இருந்தவர். வானியலாளர் ஒருவரைப் பேட்டி காணப் போய், கடைசியில் தானே அந்தத் துறைக்குள் வந்துவிட்டார். 1949 டிசம்பரில் அரிசோனாவில் நடந்த கூட்டத்தில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். இன்று அவை 'ஹேர்பிக்-ஹாரோ பொருட்கள்'. யார் முதலில் என்ற சண்டை இல்லாமல் இரண்டு பெயரும் நின்றது எனக்குப் பிடித்த விசயம்.

அந்த மங்கலான முடிச்சுகளின் நிறமாலையில் ஐதரசனோடு ஒட்சிசன், சல்பர் கோடுகளும் இருந்தன. சில கோடுகளை நமது ஆய்வுகூடத்தில் பார்க்கவே முடியாது. அணு அந்த ஒளியைக் காலுவதற்கு நேரம் எடுக்கும், அதற்குள் இன்னொரு அணு வந்து மோதிவிடும். வாயு மிக ஐதாக இருந்தால்தான் அவை வெளிவரும். ஆகவே கோட்டைப் பார்த்தே வாயுவின் அடர்த்தியைக் கணிக்கலாம்.

ஆனால் விளக்கம் பிழைத்தது. முடிச்சுகளுக்குள்ளே விண்மீன் பிறக்கிறது என்று நினைத்தார்கள். 1947இல் எடுத்த படத்தில் இல்லாத புள்ளிகள் 1954இல் எடுத்த படத்தில் தெரிந்தபோது, கண் முன்னாலேயே விண்மீன் பிறந்துவிட்டது என்றுகூட பேச்சு அடிபட்டது. 1975இல் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ், இந்த நிறமாலை வெடித்த விண்மீன்களின் எச்சங்களுடையதைப் போல இருக்கிறது என்று காட்டினார். அதாவது அதிவேக வாயு எதிலோ மோதி ஒளிர்கிறது. 1981இல் ஹேர்பிக்கே இன்னொருவரோடு சேர்ந்து பழைய படத் தகடுகளை அளந்தார். இரண்டு முடிச்சுகள், செக்கனுக்குச் சில நூறு கிலோமீற்றர் வேகத்தில், எதிரெதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தன. அவை விண்மீன்கள் இல்லை. நடுவில் இருக்கும் விண்மீன் இரண்டு பக்கமும் பீய்ச்சியடித்த தாரை மோதும் இடங்கள். தான் கண்டுபிடித்த பொருளைப் பற்றிய பழைய கருத்தை, முப்பது வருடம் கழித்துத் தன் கையாலேயே மாற்றினார் மனிதர்.

இனித்தான் தட்டு வருகிறது.

தாரை இரண்டு பக்கமும் போகிறது என்றால், நம்மை நோக்கி வரும் பக்கத்தின் கோடு நீலப் பக்கம் நகர வேண்டும், விலகிப் போவது சிவப்புப் பக்கம் நகர வேண்டும். ஒட்சிசன் கோடு 630 நனோமீற்றர். வேகம் செக்கனுக்கு 200 கிலோமீற்றர் என்றால் நகர்வு ஏறக்குறைய 0.4 நனோமீற்றர். (பிள்ளைகளே, கணக்கைப் போட்டுப் பாருங்கள்.) 1984இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் அப்பென்ஸெல்லரும் கூட்டாளிகளும் ரீ டோரி வகை விண்மீன்களில் இந்தக் கோட்டை ஆராய்ந்தார்கள். நீலப் பக்கம் இருந்தது. சிவப்புப் பக்கத்தைக் காணவில்லை. ஒன்றிரண்டில் அப்படி என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே நம்மை நோக்கி மட்டுமா ஊதும்?

பின்பக்கத்து ஒளியை எதுவோ மறைக்கிறது. ஆனால் விண்மீன் நமக்குத் தெரிகிறது, ஆகவே மறைப்பது முழுதாக மூடிய உருண்டையாக இருக்க முடியாது. விண்மீனைச் சுற்றிக் கிடக்கும் தட்டையான, ஒளி ஊடுருவாத ஒன்று. அதன் அளவும் சிறியதல்ல, நமது சூரியக் குடும்பத்தோடு ஒப்பிடக்கூடியது. படம் எடுக்கும் முன்பே, வராமல் போன ஒளியை வைத்துத் தட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதை அடுத்த நாள் வகுப்பில் சொன்னேன். பிள்ளை விடவில்லை. "அப்போ ரெண்டு பக்கமும் தெரியிற நட்சத்திரமே இல்லையா சேர்?"

இருக்கிறது. அதே இடப ராசியில், சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில், ஹேர்பிக்-ஹாரோ 30. அதன் தட்டு விளிம்பைக் காட்டியபடி நமக்கு நேராக நிற்கிறது, அதனால் விண்மீன்தான் மறைகிறது. 1995இல் ஹபிள் எடுத்த படத்தில் நடுவே கறுப்புக் கீற்று, அதற்கு மேலும் கீழும் தாரை. படத்தை போனில் காட்டினேன். வகுப்பே வந்து மேசையைச் சுற்றி நின்றுவிட்டது.