ஊர்ப் பாதையும் குடும்பத்துப் பஸ்ஸும்

இரத்தினபுரிக்குப் புகையிரதம் வந்தது 1912ஆம் ஆண்டில். களனிப் பள்ளத்தாக்கின் அந்தக் குறுகிய பாதை அதற்கு முன்பே அவிசாவளையைத் தொட்டு, ஒரு கிளையாக எட்டியாந்தோட்டை வரை சென்றிருந்தது. தேயிலையும் இறப்பரும் இறங்குவதற்காக இட்ட பாதை அது. மனிதர் ஏறி இறங்கும் வசதி இரண்டாம் பட்சமே. தோட்டத்து லயத்திலிருந்து நிலையம் வரையுள்ள மலைச்சரிவைத் தொழிலாளி நடந்தே கடந்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறொன்று நிகழ்ந்தது. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-12 அளவில் மோட்டார் பஸ் தொழிலில் இறங்கினார். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய வண்டி ஓடியது. நேயர்கள் இந்த ஊர்ப் பெயர்களைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். சப்பிரகமுவத் தோட்டங்களில் குடியேறியவர்களுள் எத்தனையோ குடும்பங்களின் பூர்வீகம் அந்தச் சீமைகளே. அவர்கள் கங்காணியின் பின்னால் கால்நடையாய்ப் புறப்பட்ட மண்ணில், காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்ற வண்டி ஓடத் தொடங்கியிருந்தது.

அந்த நாளில் பஸ் நடத்துவது எளிதன்று. சாலைகள் மாட்டு வண்டிக்காக அமைந்தவை. மாட்டின் இலாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் டயரைக் கிழிக்கும். அவற்றைப் பொறுக்குவதற்கென்றே காந்தம் பொருத்திய வண்டியொன்றைச் சுந்தரம் ஐயங்கார் சாலையில் ஓடவிட்டார் என்று சொல்வதுண்டு. அவருடைய பஸ்ஸைப் பார்த்து ஊரார் கடிகாரத்தைத் திருத்திக் கொண்டார்கள் என்பதும் மதுரைப் பக்கத்தில் வழங்கும் பேச்சு. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அரிதானபோது, கரியை எரித்து அந்த வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை அவருடைய நிறுவனம் செய்து விற்றது. புதல்வர்கள் ஒவ்வொருவராகத் தொழிலில் சேர்ந்தனர். சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் பெருகின. உதிரிப் பாகம், பழுது பார்த்தல், வாகனக் கடன் என்று கிளைகள் விரிந்தன. நேரம் தவறாமையே இந்த வளர்ச்சியின் அடிப்படை என்பது என் எண்ணம். பணம் போட்டவர் பலர் இருந்தனர். சொன்ன வேளைக்கு வண்டி விட்டவர் சிலரே.

இலங்கையிலோ கதை வேறு விதமாகச் சென்றது. ஒருவரே முதலாளியும் சாரதியுமாக ஒரு பஸ்ஸை ஓட்டுவார். அவருடைய தம்பி டிக்கெட் கொடுப்பார். ஒரே வீதியில் பத்துப் பேர் போட்டியிட்டால் பிரயாணியை இழுப்பதற்குச் சண்டையும், முந்துவதற்கு ஓட்டப் பந்தயமுமே மிஞ்சும். 1942ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்கு வரம்பு கட்டியது. ஒரு தடத்தில் ஒருவருக்கே உரிமை என்ற கொள்கை வந்தது. தனி வண்டிக்காரர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து கம்பனிகளாயினர். தென்மேற்குக் கரையில் சேர் சிறில் டி சொய்சாவின் சவுத் வெஸ்டர்ன் கம்பனி இவற்றுள் பெயர் பெற்றது.

சண்டை நின்றது, ஆனால் பிரயாணி மாற்று வண்டி தேட வழியில்லாதவனானான். இலாபமில்லாத மலைப்பாதைக்கு வண்டி விட எந்த முதலாளிக்கும் அவசரமில்லை. நேரம் கழித்து வந்தாலும், வராமலே போனாலும், காத்திருந்தவன் கேட்க ஆளில்லை. இக்குறையின் பேரிலேயே 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்து, கம்பனிகளின் பஸ்கள் அரசுடைமையாயின. குடும்பங்கள் கட்டிய தொழில் ஒரே நாளில் கைமாறியது. நஷ்ட ஈட்டைக் கொண்டு அந்த உழைப்பை அளந்துவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானதே. அதே சமயம், மலையில் காத்து நின்றவனுடைய நேரத்தை அதற்கு முன் யாரும் அளக்கவில்லை என்பதும் உண்மை.

தமிழ்நாட்டில் 1972இல் இது நடந்தது. சுந்தரம் ஐயங்கார் 1955இல் காலமாகிவிட்டார். அவர் குடும்பத்துப் பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குச் சென்றன. குடும்பம் உதிரிப் பாகங்களிலும் மோட்டார் சைக்கிளிலும் தன் வழியைத் தேடிக்கொண்டது. இங்கே அத்தகைய இரண்டாம் வாழ்வு பெற்ற பஸ் குடும்பங்கள் குறைவு.

1976இல் அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்க வரையிலான புகையிரதப் பாதை மூடப்பட்டது. இரத்தினபுரி முழுவதும் பஸ்ஸை நம்பலாயிற்று. 1970களின் இறுதியில் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டபோது வீதிக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர், ஒரு வண்டிக்கு உரிமையாளராயிருந்த குடும்பத்தவரே.