ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்

ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்பது இலங்கையிலிருந்து தமிழ்நாட்டிற்குப் புலம்பெயர்ந்த தமிழ் ஏதிலிகளுக்காக 1984 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு தொண்டு நிறுவனமாகும். இது ஆங்கிலச் சுருக்கப் பெயரால் ஓஃபர் என்றும் அழைக்கப்படுகிறது. தமிழரசுக் கட்சியின் தலைவராக இருந்த சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மகனும் வழக்கறிஞருமான எஸ். சி. சந்திரகாசன் இதனை நிறுவினார். ஏதிலிகளே ஏதிலிகளுக்காக நடத்தும் அமைப்பு என்பது இதன் சிறப்பியல்பு ஆகும்.

பின்னணி

1983 சூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறையைத் தொடர்ந்து, பல்லாயிரக்கணக்கானோர் கடல் வழியாகத் தமிழ்நாட்டை அடைந்தனர். 1987 சூலை வரை வந்தவர்களின் எண்ணிக்கை 1,34,053 ஆகும். அதன் பின்னரும் போர் மூளும்போதெல்லாம் வருகை தொடர்ந்தது. 1983 முதல் 2010 வரை மொத்தம் 3,04,269 பேர் வந்ததாக அரசுக் கணக்குகள் தெரிவிக்கின்றன. இவர்களுள் 99,469 பேர் 1995 மார்ச்சு வரை அரசு ஏற்பாட்டில் தாயகம் திரும்பினர்.

உணவும் உடையும்

படகில் வந்தவர்களில் பெரும்பாலோர் உடுத்த உடையுடன் வந்தவர்கள். இவர்கள் மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டுப் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். உதவித்தொகை, அரிசி, பாத்திரம், துணி ஆகியவற்றை அரசு வழங்கியது. அரிசி நெடுங்காலம் கிலோ 57 காசு விலையில் வழங்கப்பட்டது. அரசின் உதவிக்குத் துணையாகவே கழகத்தின் தொடக்க காலப் பணிகள் அமைந்தன. பின்னர்க் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைப் போக்கும் திட்டங்கள் மேற்கொள்ளப்பட்டன. சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்ப்பு இவற்றுள் குறிப்பிடத்தக்கது.

திருவள்ளூர் மாவட்டம்

கும்மிடிப்பூண்டி முகாம் இம்மாவட்டத்திலுள்ள பெரிய முகாம்களுள் ஒன்றாகும். சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்துள்ள இப்பகுதியில் வாழும் முகாம்வாசிகள் பலர் வண்ணப்பூச்சு வேலை, கட்டட வேலை போன்ற நாட்கூலித் தொழில்களைச் செய்கின்றனர். உதவித்தொகை மட்டும் குடும்பச் செலவுக்குப் போதாமையே இதற்குக் காரணம். எனினும், முகாமில் குறித்த நாள்களில் நடைபெறும் கணக்கெடுப்பின்போது நேரில் இருக்க வேண்டும் என்ற விதி, தொலைவில் வேலைக்குச் செல்வதைக் கடினமாக்கியது.

கல்வி

சான்றிதழ்கள் இன்றி வந்த மாணவர்களைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சேர்க்கக் கழகம் முயன்றது. 1991 இல் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட பின் முகாம்களின் மீதான கட்டுப்பாடுகள் கடுமையாயின. உயர்கல்விச் சலுகைகளும் நிறுத்தப்பட்டன. இவை 1996 இல் மீண்டும் வழங்கப்பட்டன. முகாம் இளைஞர்களே ஆசிரியர்களாகவும் நலவாழ்வுப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றனர். 2004 ஆழிப்பேரலையின்போது, அதுவரை உதவி பெற்று வந்த ஏதிலிகள் தன்னார்வலர்களாகத் தமிழகக் கடற்கரை ஊர்களில் துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டனர்.

ஆவணங்கள்

பசியும் குளிரும் தணிந்த பின்னரும் நீடித்த சிக்கல் குடியுரிமையாகும். முகாம்களில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும் இலங்கைக் குடியுரிமைப் பதிவும் பெற்றுத் தருவது கழகத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. இவை இல்லாதவர் எந்த நாட்டின் குடிமகனும் ஆகார். மலையகத் தமிழருக்கு இவ்விடர் மேலும் மிகுதி. இலங்கையின் 2003 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்தியாவில் ஏதிலிகளாக இருந்த மலையகத் தமிழரை உள்ளடக்கவில்லை; 2009 இல் செய்யப்பட்ட திருத்தமே அவர்களுக்கு வழிவகுத்தது.

அண்மைய நிலை

2021 ஆகத்து மாதம் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 317 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டங்களை அறிவித்தது. முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுதல், குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்துதல், விலையில்லா அரிசி வழங்குதல் ஆகியன இவற்றுள் அடங்கும். அகதிகள் முகாம் என்ற பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. இந்திய அரசின் 2019 ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவில்லை. 2015 சனவரி 9 இற்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, கடவுச்சீட்டு, நுழைவிசைவு தொடர்பான சட்ட விதிகளிலிருந்து 2025 இல் விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விலக்கு குடியுரிமை ஆகாது.