நாவினால் பாடும் பெட்டி

சென்ற மார்கழிப் பஜனையின்போது நம் காலனி ஆர்மோனியத்தில் ஒரு சுரம் ஊமையாகிவிட்டது. பழம்பெட்டியை விற்றுவிட்டு மின்வாத்தியம் வாங்கலாம் என்றனர் இளைஞர் சிலர். பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு பித்தளை நாக்கினடியில் தூசு சிக்கியிருந்தது, அவ்வளவே! அந்நாக்கின் வரலாற்றைத் தேடியபோது, ஆர்மோனியத்தின் உறவாகிய கான்சர்ட்டினா என்னும் கைப்பெட்டியைப் பற்றி அறிந்தோம். அதனை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

ரயில்வே குடும்பத்தினராகிய நமக்கு ஸர் சார்லஸ் வீட்ஸ்டோன் அந்நியர் அல்லர். 1837 இல் குக் என்பவருடன் சேர்ந்து மின்தந்திக்கு உரிமை பெற்றவர் அவர். 1839 இல் லண்டன் பாடிங்டனிலிருந்து இருப்புப் பாதை வழியே தந்தி சென்றது அவ்விருவர் முயற்சியால்தான். வாத்தியம் செய்யும் குடும்பத்தில் பிறந்த அவரே கான்சர்ட்டினாவையும் ஆக்கினார். அதன் மூலக்கருத்து 1829 ஆம் ஆண்டு உரிமைப் பத்திரத்திலேயே உண்டு. 1844 இல் மேலும் ஓர் உரிமை பெற்றார்.

இரு கைகளுக்குள் அடங்கும் அறுகோணப் பெட்டி அது. நடுவே துருத்தி, இரு முகங்களிலும் பொத்தான்கள். ஆங்கில முறைப் பெட்டியில் பெரும்பாலும் 48 பொத்தான்கள். துருத்தியை விரிக்கும்போது ஒரு நாக்கும் சுருக்கும்போது ஒரு நாக்கும் ஒலிக்க வேண்டுமாதலின், உள்ளே 96 நாக்குகள்!

இதனைச் செய்யும் பட்டறையில் பல தொழில்கள் கூடுகின்றன. அட்டைத் துண்டுகளைத் துணியால் இணைத்து, மடிப்புகள்மீது மெல்லிதாகச் சீவிய ஆட்டுத்தோலை ஒட்டித் துருத்தி செய்வர். ஒரு மூலையில் காற்றுக் கசிந்தாலும் உழைப்பு வீணே. நாக்குகள் அமரும் மரப்பலகையைச் சிறு அறைகளாகப் பிரிப்பர். பொத்தானை அழுத்தினால் நெம்புகோல் எழுந்து காற்றுக்கு வழிவிடும்.

எனினும் பெட்டியின் உயிர் நாக்கிலேதான் உள்ளது. பித்தளைச் சட்டத்தில் பொருத்திய எஃகுத் தகடு அது. சட்டத்திற்கும் தகட்டிற்கும் இடையே மயிரிழை இடைவெளி வேண்டும். அகன்றால் காற்று வீணாகும், நெருங்கினால் தகடு உரசும். நுனியை அரத்தால் தேய்த்தால் சுருதி ஏறும். அடியைத் தேய்த்தால் இறங்கும். தேய்ப்பதும், துருத்தியில் வைத்து ஒலிக்கச் செய்து கேட்பதும், மீண்டும் தேய்ப்பதுமாக வேலை நடக்கும். தேய்ந்துபோன எஃகைத் திரும்ப ஒட்ட இயலாதன்றோ! ஆகவே கைக்குப் பொறுமையும் செவிக்குத் தெளிவும் வேண்டும்.

ஸ்விட்ஸர்லாந்திலிருந்து லண்டன் வந்த லூயி லஷெனால், உறுப்புகளை விரைவாகச் செய்யும் இயந்திரங்களை இத்தொழிலில் புகுத்தினார். பின்னர்ச் சொந்தப் பட்டறை வைத்தார். 1861 இல் அவர் மறைந்ததும் மனைவி எலிஸபெத் தொழிலை ஏற்று நடத்தினார். இயந்திரம் வந்த பின்னரும், சுருதி கூட்டும் வேலை அரத்தையும் செவியையுமே நம்பி நின்றது.

முதல் உலகப் போருக்குப்பின் வாத்தியத்தின் மவுசு குறைந்தது. லஷெனால் பட்டறை 1930களில் மூடப்பட்டது. அரம் பிடித்த கைகள் ஓய்ந்தன. கைத்திறனும் அவற்றோடு மறையும்போல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்வலர் சிலர் பழம்பெட்டிகளைப் பிரித்து, பழுது பார்த்து, அவற்றையே ஆசானாகக் கொண்டு தொழிலை மீட்டனர். இன்று சிறு பட்டறைகளில் ஒரு பெட்டி பெற ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரும் உளர்.

பெட்டியைப் பழுது பார்ப்பவன் உள்ளவரைதான் தொழில் உயிரோடிருக்கும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். நம் பழம்பெட்டியை விற்கவில்லை. தூசு தட்டியதும் அது பாடிற்று. அதைத் திறந்து பார்க்க இளைஞர் இருவர் இப்போது கற்று வருகின்றனர். மின்வாத்தியம் வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்களே!